தாத்தாவின் துப்பாக்கி இனி யாருடையது?

ஹைதராபாத்தின் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் பீரோவில் இருக்கிறது. வைத்திருந்தவர் காலமானால், ‘நம் தாத்தாவுடையதுதானே’ என்று பூட்டி வைத்துவிடுகிறார்கள். 1959 ஆயுதச் சட்டம் லைசென்ஸைத் தருவது ஆளுக்கு. அவர் போனதும் அதே துப்பாக்கி சட்டவிரோதம்.

செய்ய வேண்டியவை

• லைசென்ஸ்தாரர் இறந்தால் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிருடன் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. அதுவே நல்லது; சாவு வீட்டில் ரசீது யாருக்கு ஞாபகம் வரும்?

• புது லைசென்ஸுக்கு நகரப் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பியுங்கள். 21 வயது, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் சொல்லி மறுக்க முடியாது. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

• லைசென்ஸ் எதுவரை செல்லும் என்று பாருங்கள். தெலங்கானாவுக்கு மட்டும் என்றால் மதுரைக்குக் காரில் கொண்டுபோகக் கூடாது.

• தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படையுங்கள்.

செய்யக்கூடாதவை

• கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடாதீர்கள். 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாள் சுழற்றி ஆடி, வீடியோ பரவியதால் மாட்டிக்கொண்டவர்களும் இந்த ஊரில் உண்டு.

• மூன்றாவது துப்பாக்கி வைத்திருக்காதீர்கள். முன்பு மூன்றுக்கு அனுமதி. 2019 முதல் இரண்டுதான். பரம்பரையாக வந்ததும் கணக்கில் சேரும்.

• விமானப் பயணத்துக்கு முன் பையை உதறிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தையல் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஒற்றைத் தோட்டா ஷம்ஷாபாத் விமான நிலைய ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். தெரிந்தே வைத்திருந்தாரா என்று கோர்ட் பார்க்கும்தான், ஆனால் அன்றைய விமானம் போய்விடும்.

• ஏர்கன் என்றாலே லைசென்ஸ் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வரும். குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், வீரியம் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும்.