ஒரு பிடி சாமையும் நம் டிப்ளமோவும்

மரபியல் என்றதும் நம் வகுப்பில் பாதிப் பேர், "அது பி.எஸ்ஸி. பசங்க சமாச்சாரம்டா, நமக்கு லேத்தும் வெர்னியரும் போதும்" என்று எழுந்து போய்விடுவார்கள். கொஞ்சம் உட்காருங்கள். இதில் லேத்தும் வருகிறது.

ஜவ்வாது மலை என்றால் பலருக்குக் காவலூர் ஞாபகம்தான் வரும். 1968-ல் வைணு பாப்பு அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலையை ஆரம்பித்தார். 2.34 மீட்டர் விட்டத்தில் பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டவரும் அவரே. 1982-ல் அவர் காலமானார். தொலைநோக்கி திறக்கப்பட்டது 1986-ல். செமஸ்டருக்கு மேல் யோசிக்காத நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

அதே மலையில் அதைவிட நீண்ட வேலை ஒன்று நடக்கிறது. மலையாளி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்து, அடுத்த மழைக்கு விதைக்கும் சாமை! தேர்வு முறைப் பயிர்ப் பெருக்கம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். சாமைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அதனால் ரகம் மாறாது, விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். ஆனால் ஒரு ரகத்தை விதைப்பதை நிறுத்தினால், அதன் குணம் பக்கத்து நிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம்ப முடியாது. கடைசிப் பானை காலியானால் போச்சு.

டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் விதைகளை மைனஸ் 18 டிகிரியில் வைத்துப் பல பத்தாண்டுகள் காக்கிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் பனிமலைக்குள்ளேயே ஒரு கிடங்கு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குளிரில் தூங்கும் விதை, மாறிவரும் மழையையும் பூச்சியையும் பார்ப்பதில்லை. அதற்கு நிலத்தில் முளைக்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையம் புது ரகங்களும் தருகிறது. ஏ.டி.எல். 1 என்ற சாமை 2019-ல் வந்தது.

பின் ஏன் விதைக்காமல் விடுகிறார்கள்? மலையிலிருந்து வந்து நம் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் நண்பன் சொன்னான்: "ரேஷன் அரிசி சும்மா வருது. சாமையை உரல்ல இடிக்கணும். பாட்டிக்குக் கை முடியலே, அம்மாவுக்கு நேரமில்லே. போன வருஷம் விதைக்கவே இல்லே." அவன் வீட்டில் அந்த ரகத்தின் தலையெழுத்தை நிர்ணயித்தது மரபணு இல்லை, உமிதான்!

சாமை மணி ரொம்பச் சின்னது, உமியோ இறுக்கமானது. நெல் மில்லில் போட்டால் சரிப்படாது. சுழலும் தட்டு மணியை வேகமாகச் சுவரில் மோதவிட்டு உமியைப் பிரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. வேகம் கூடினால் நொய்யாகும், குறைந்தால் உமி போகாது. மணியின் ஈரப்பதமும் கணக்கில் வரும். ஆர்.பி.எம்., ஷாஃப்ட் பேலன்ஸ், பேரிங், சல்லடைக் கண் என்று எல்லாம் நம் பாடம்தானே? சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஓட வேண்டும், பேரிங் தேய்ந்தால் ஜமுனாமரத்தூர் கடையிலேயே வாங்கி மாட்ட முடிய வேண்டும்.

ரெடிமேட் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி வைவாவில் திருதிரு என்று முழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஜூனில் காலேஜ் திறக்கும்போது நண்பன் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மூட்டை சாமை கொண்டு வருகிறான். மூன்று வேகத்தில் ஓட்டி, உடைந்தது எவ்வளவு, உமி போகாதது எவ்வளவு என்று எடை போட வேண்டும். ஜூனியர்களில் இரண்டு பேர் தேவை.