வரைபில் விழும் வெற்றிடம்

சேவையகமொன்றின் வேலைப்பளுவையும் அதனூடாகச் செல்லும் தரவின் அளவையும் நாள் முழுவதும் கோடாக வரைந்து காட்டும் முறையைக் கணினித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் நன்கறிவர். 1995ஆம் ஆண்டில் தோபியாஸ் ஓட்டிக்கர் வெளியிட்ட எம்.ஆர்.ரி.ஜி. என்னும் மென்பொருளும், 1999இல் அவரே வெளியிட்ட ஆர்.ஆர்.டி.ரூல் என்னும் தரவுக் களஞ்சியமும் இம்முறையை எங்கும் பரப்பின. கணினியொன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏனைய சேவையகங்களை வலையமைப்பின் வழியே வினவும். பெற்ற விடையைக் களஞ்சியத்தில் இடும். அதிலிருந்து வரைபு எழும். சிலவேளைகளிற் கோடு அறுந்து வெற்றிடம் தோன்றும். அதனை ஆராயும் வகையே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் உணரவேண்டியது, வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு என்பதாம். பூச்சியம் என்பது சேவையகம் சொல்லிய விடை. வெற்றிடமோ விடை வாராமை. களஞ்சியம் இதனை 'எண்ணன்று' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கத்தாற் குறிக்கும். அச்சுருக்கம் தமிழ்ச் செவிக்கு 'நான்' என்றே கேட்கும். அதன் தத்துவத்தை வேதாந்திகளுக்கு விட்டுவிடுவோம். வரைபு அழகாயிருத்தல் வேண்டுமென வெற்றிடங்களைப் பூச்சியத்தால் நிரப்புவோர் உளர். பளு தாங்காது திணறி விடையிறுக்க இயலாதிருந்த சேவையகம், அவர் வரைபில் ஓய்ந்திருந்த சேவையகமாகக் காட்சி தரும். பழுது நேர்ந்த வேளையே மறைக்கப்பட்டுவிடும்.

ஆராயப் புகுவோன் சேவையகத்தை உடனே திறந்து பார்த்தல் வேண்டா. வெற்றிடம் எத்துணை வரைபுகளில் ஒரே வேளையில் விழுந்துள்ளது என்பதை முன்னர்க் காண்க. எல்லா வரைபுகளும் ஒருங்கே அறுந்திருப்பின் குற்றம் வினவுங் கணினியில் உள்ளது. அதன் வட்டில் இடமின்றி நிரம்பியிருத்தலுங் கூடும். ஒரு வழிப்படுத்திக்கு அப்பாலுள்ளவை மட்டும் அறுந்திருப்பின் இடைவழியை ஐயுறுக. ஒரே சேவையகத்தின் ஒரே வரைபு மட்டும் மறைந்திருப்பின், அது மீள இயக்கப்பட்டபோது அவ்விடைமுகத்தின் இலக்கம் மாறியதோ எனப் பார்த்தல் தகும்.

இவ்வினாவிடைக்குப் பெரிதும் பயன்படும் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை, யூ.டி.பி. வழியே 161ஆம் வாயிலிற் செல்வது. யூ.டி.பி. தொலைந்த பொதியைத் தானாக மீள அனுப்பாது. இந்நெறிமுறையின் முதலிரு பதிப்புக்களிலும் கடவுச் சொல்லைப் போன்ற குழுப்பெயர் பிழைத்தாற் சேவையகம் மறுப்பும் உரையாது வாளாவிருக்கும். ஆதலின் தீச்சுவரின் தடையும், குழுப்பெயர்ப் பிழையும், பொதி இழப்பும் வினவுவோனுக்கு ஒரே மௌனமாகவே தோன்றும். 'பிங் செய்தேன், விடை வந்தது' என்று அமைதியடைவோர் பலர். அவ்விடை வேறொரு நெறிமுறையின் வழி வந்தது. 161ஆம் வாயில் திறந்துள்ளது என்பதற்கு அது சான்றாகாது.

இனி, பலருங் காணாது விடும் காரணமொன்றைக் கூறுவாம். நெற்-எஸ்.என்.எம்.பி. கருவிகள் இயல்பாக ஒரு செக்கன் காத்திருந்து, விடை வாராவிடின் மேலும் ஐந்து முறை முயலும். ஆகவே செயலிழந்த கருவியொன்றுக்கு ஆறு செக்கன் வீணாகும். ஒன்றன்பின் ஒன்றாக வினவும் முறையில், கைவிடப்பட்ட 60 கருவிகள் பட்டியலிற் கிடப்பின் 360 செக்கன் கழியும். சுற்றுக்குரிய காலமோ 300 செக்கன். இறந்தவற்றுக்காகக் காத்திருந்து, உயிரோடிருப்பவற்றின் தரவை இழக்கின்றோம்! பட்டியலைத் திருத்துதலும், பல கருவிகளை ஒருங்கே வினவுதலும் இதற்கு மருந்து.

களஞ்சியத்தில் 'இதயத் துடிப்பு' எனும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் அடுத்த விடை வந்து சேராவிடின் அவ்விடைக்காலம் அறியப்படாததாகும். இதனை 300 செக்கனாகவே வைத்தால், இரண்டு செக்கன் பிந்திய விடையும் வெற்றிடத்தை உண்டாக்கும். 600 என வைத்தல் பெருவழக்கு. மணிக்கூடும் கவனிக்கத்தக்கது. முன்னர்ப் பதிந்த நேரத்திற்குப் பிந்தாத நேரமுடைய தரவைக் களஞ்சியம் ஏலாது. வினவுங் கணினியின் மணிக்கூடு ஒரு நாள் முன்னே ஓடித் தரவையும் பதிந்து, பின்னர்த் திருத்தப்பட்டால், அந்நாள் கழியுமட்டும் வரைபுகள் யாவும் வெறுமையாகவே நிற்கும்.

வெற்றிடமில்லாத கோடும் முற்றும் நம்பத்தக்கதன்று. 32 பிற்று எண்ணியானது 4,294,967,296 பைற்றுகளை எண்ணியதும் பூச்சியத்திற்குத் திரும்பும். செக்கனுக்கு ஒரு கிகாபிற்று செல்லும் இணைப்பில் இது ஏறத்தாழ 34 செக்கனில் நிகழும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவன் அது எத்தனை முறை சுழன்றது என்பதை எங்ஙனம் அறிவான்? அங்கு 64 பிற்று எண்ணியையே வினவுதல் வேண்டும்.

சேவையகம் நின்றதா, விடை மட்டும் தவறியதா என்பதைத் தெளிய, வலையமைப்பைச் சாராது அச்சேவையகத்திலேயே 'சார்' போன்ற கருவி எழுதிவைக்கும் குறிப்போடு வரைபை ஒப்பிடுக. அக்குறிப்புத் தொடர்ந்திருப்பின் குற்றம் வழியிலோ வினவலிலோ உள்ளது. அதுவும் அறுந்திருப்பின் சேவையகமே நின்றிருத்தல் கூடும். ஒப்பீட்டை அன்றே செய்தல் நன்று. களஞ்சியம் நுண்ணிய தரவைச் சுழற்சி முறையில் அழித்தெழுதுவது. திங்கள் வரைபிற் பல அளவைகள் ஒன்றாகத் திரட்டப்படுகையில், அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை அறியப்படாதிருந்தாலன்றி வழக்கமாக வெற்றிடம் தோன்றாது. நேற்றைய பத்து நிமிட வெற்றிடத்தை அடுத்த திங்கள் அவ்வரைபிற் காண இயலாது.