வீட்டில் சடைநாய்: நோயாளியின் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோரும், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோரும், ஆஸ்துமா உள்ளோரும் எங்களிடம் கேட்கும் வினாக்களுள் ஒன்று, "வீட்டில் வளர்க்கும் நாயை அனுப்பிவிட வேண்டுமா?" என்பது. அந்த நாய் கோலி, ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நீண்ட ரோமமுள்ள மந்தை நாயாக இருந்தால், "முடி கொட்டுகிறதே" என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான வீடுகளில் நாயை அனுப்ப வேண்டியதில்லை என்பதே எங்கள் விடை. உண்மையில் கவனிக்க வேண்டியது ரோமத்தை அன்று. ரோமத்துக்குள் மறைந்திருப்பவற்றையும், அந்நாயின் இயல்பையும்தான்.

குளிர்நாட்டு நாயும் நம் வெயிலும்

மந்தை நாய் நம் பகுதிக்குப் புதிதன்று. பெரம்பலூர், அரியலூர் ஊர்ப்புறங்களில் அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடும்போது காவல் இருப்பவை குட்டை ரோமமுள்ள நாட்டு நாய்கள். அவை இவ்வெயிலுக்குப் பழகியவை. கோலியோ ஸ்காட்லாந்தின் குளிர்ந்த மலைப்பகுதியில் ஆடு ஓட்டுவதற்காக வளர்க்கப்பட்டது. அதன் ரோமம் இரண்டு அடுக்குகளாக அமைந்தது. நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. எனவே கோடையில் வெயில் ஏறுமுன் உலாவச் செய்து, பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் தர வேண்டும். ரோமத்தை மொட்டையாக மழிக்க வேண்டா. மேலடுக்கு தோலை வெயிலிலிருந்து காக்கிறது. நாள்தோறும் சீவி, உதிர்ந்த உள்ளடுக்கை நீக்கினால் போதும்.

ஆஸ்துமாவும் ஒவ்வாமையும்

ஒவ்வாமைக்குக் காரணம் முடியின் நீளம் அன்று. நாயின் உமிழ்நீரிலும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்களே காரணம். ஆகவே குட்டை ரோம நாய்க்கு மாறுவதால் மட்டும் பயன் இராது. நோயாளியின் படுக்கையறைக்குள் நாயை விடாதிருத்தலும், நோயாளி அல்லாத ஒருவர் வீட்டுக்கு வெளியே அதைச் சீவுதலும், தரையை ஈரத்துணியால் துடைத்தலும் உதவும். இவற்றுக்குப் பின்னும் மூச்சுத்திணறல் தொடர்ந்தால் மட்டுமே நாயை வேறிடத்தில் வைப்பது குறித்து மருத்துவருடன் பேச வேண்டும்.

ரோமத்துக்குள் உண்ணி

அடர்ந்த ரோமத்தில் உண்ணி கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. காதின் உட்புறம், கழுத்து, அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நாயுண்ணி கடிப்பதால் மனிதருக்கு உண்ணிக் காய்ச்சல் வரக்கூடும்: கடும் தலைவலி, காய்ச்சல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடத் தோன்றும் தடிப்பு ஆகியன அதன் அறிகுறிகள். டாக்சிசைக்ளின் மருந்தால் இதனைக் குணப்படுத்த இயலும். ஆயினும் காலம் தாழ்த்துவது ஆபத்து. உண்ணியை விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்ற வேண்டும்.

குதிகாலைக் கவ்வும் பழக்கம்

ஆட்டை மடக்குவதற்காகப் பழகிய இனங்கள், ஓடும் குழந்தையையும் ஆடாகவே எண்ணிக் குதிகாலைக் கவ்வுவதுண்டு. விளையாட்டாக நேர்ந்தாலும் பல் பட்டுத் தோல் கீறினால் அது நாய்க்கடியே. உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கலாகாது. "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம்" என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்கிறது. நாயை 10 நாள் கண்காணிப்பது ஒருபுறம் நடக்கலாம். அதற்காக ஊசியைத் தொடங்காமல் காத்திருக்கக் கூடாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாது.

ஆட்டு ஈரலும் நாடாப்புழுவும்

ஆடு வளர்க்கும் ஊர்களில் இது தனிக்கவனம் பெற வேண்டியது. நீர்க்கட்டியுள்ள ஆட்டின் ஈரலையோ நுரையீரலையோ பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் மலத்தின் வழியே வெளிவந்து ரோமத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. தடவிய கையைக் கழுவாமல் உண்பவரின் உடலுக்குள் அவை சென்றால், ஈரலில் பல ஆண்டுகள் ஓசையின்றி நீர்க்கட்டி வளரக்கூடும். கறிக்கடைக் கழிவையும் இறந்த ஆட்டையும் நாய்க்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுங்கள்.

ஆட்டு மருந்து நாய்க்கு ஆகாது

ஆடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையே உண்ணி போக வேண்டும் என்று நாய்க்கும் போடுவோர் உண்டு. கோலி இனத்தில் பெரும்பாலான நாய்களுக்கு ஒரு மரபணுக் குறை இருப்பது 2001-ல் கண்டறியப்பட்டது. மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் அமைப்பு அவற்றில் சரியாக இயங்குவதில்லை. அதனால் ஆட்டுக்குரிய அளவு அந்நாயை மயக்கத்திலும் மரணத்திலும் ஆழ்த்தலாம். வயிற்றுப்போக்குக்கு நாம் உட்கொள்ளும் லோபரமைடு மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு

மாற்றுறுப்பு பெற்றோரும் புற்றுநோய் மருந்து பெறுவோரும் நாயைக் குளிப்பாட்டுதல், சீவுதல், மலம் அகற்றுதல் ஆகியவற்றைப் பிறரிடம் விட வேண்டும். புண்ணையும், டயாலிசிஸ் செய்யும் கையையும், உடலில் பொருத்திய குழாயையும் நாய் நக்க விடலாகாது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் சிறு கீறலுக்கும் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடருங்கள். காய்ச்சலுக்காக எங்களிடம் வரும்போது, "வீட்டில் நாய் இருக்கிறது" என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். சரியான பரிசோதனையை நாங்கள் தொடக்கத்திலேயே மேற்கொள்ள அந்த ஒரு சொல் துணைசெய்யும்.