போன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரம்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் காலையில் பார்த்திருப்பீங்க. ஷூ கம்பெனி வண்டிகள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பல வீடுகளில் அம்மாவோடு சேர்ந்து வீட்டின் ஒரே ஸ்மார்ட்போனும் வேலைக்குக் கிளம்பிவிடும். சாயங்காலம் அம்மா திரும்பினால்தான் அது பிள்ளைகள் கைக்கு வரும்.

"அப்போ ஆன்லைன் கல்வி எல்லாம் எங்களுக்கு எப்படிங்க சரிப்படும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பகலில் போன் இல்லாத பிள்ளைகளுக்கு நேரலை வகுப்பு கிடைக்கவில்லை. ஆனால் இன்று அரசுத் தளங்களில் இருப்பவை பெரும்பாலும் பதிவு செய்த பாடங்கள். ராத்திரி எட்டு மணிக்கும் பார்க்கலாம், புரியாத இடத்தை நாலு தடவை திருப்பிப் போடலாம். ஒரு மணி நேரம் போன் கிடைத்தாலே உபயோகமாக இருக்கும்.

எப்படி வளர்ந்தது?

இது கொரோனாவில் முளைத்த விஷயம் இல்லை. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம் 2003-லேயே தொடங்கியது. 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் வந்தது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிடப்பட்டது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2023 ஜூலையில் 'மணற்கேணி' செயலி அறிமுகமானது. தோண்டத் தோண்ட நீர் ஊறும் கேணி என்ற குறளின் உவமையிலிருந்து வந்த பெயர் அது.

இடையில் 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தையும் மறக்கக் கூடாது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வீட்டருகே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திரை மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதை அந்த இரண்டு வருடம் நமக்குக் காட்டியது.

யாருக்கு என்ன பயன்?

பள்ளி மாணவர்களுக்கு: பாடநூலில் உள்ள கியூஆர் கோடை 'தீக்‌ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். மணற்கேணியில் மாநிலப் பாடத்திட்டத்தை ஒட்டிய காணொளிகளும் வினாக்களும் உள்ளன. இரண்டும் இலவசம்.

கல்லூரி மாணவர்களுக்கு: ஸ்வயத்தில் படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். சேரும் முன் உங்கள் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் திறன் பயிற்சிகளும் உண்டு.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு: சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு.

படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்களுக்கு: பத்தாம் வகுப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தனித்தேர்வராகப் பொதுத்தேர்வு எழுத வழி இருக்கிறது. வகுப்பறைக்குத் திரும்ப முடியாத உங்களுக்குத்தான் இந்தக் காணொளிகள் அதிகம் உதவும்.

ஒரே போன் உள்ள வீட்டுக்குச் சில யோசனைகள்

1. நேரம் பிரியுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு அரை மணி நேரம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு முதல் முறை.

2. தரவிறக்கி வையுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் புதூர்நாடு போன்ற சிக்னல் சிரமமான இடங்களில் இருப்பவர்கள், கீழே வரும்போது தீக்‌ஷாவில் பாடத்தைத் தரவிறக்கிக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே பார்க்கலாம்.

3. பேனா கையில் இருக்கட்டும். ஒரு காணொளி முடிந்ததும் போனை வைத்துவிட்டு, புரிந்ததை ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். புரியாததை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

4. பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் அதைப் பயன்படுத்த ஆசிரியரிடம் கேளுங்கள்.

5. "வேலை உறுதி, இன்றே பணம் கட்டுங்கள்" என்று வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

படிப்பு பற்றிய சந்தேகங்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்து களைத்து வரும் உங்களைப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. இன்று ராத்திரி பிள்ளையின் பாடநூலில் ஒரே ஒரு கோடை ஸ்கேன் செய்து, காணொளி முடியும்வரை பக்கத்தில் உட்காருங்கள். "இப்போ எனக்குச் சொல்லிக்காட்டு" என்று கேளுங்கள். சொல்லிக்காட்டத் தெரிந்தால் பாடம் மனதில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.