குதிரை இழுத்த அறுவடை இயந்திரம் திருந்திய வரலாறு

உழவுக்குச் சில நாள் தவணை உண்டு. நடவுக்கும் உண்டு. முற்றிய கதிருக்கு மட்டும் தவணை இல்லை. உரிய நாளில் அறுக்காவிடில் மணி உதிரும்; மழை பெய்தால் பயிர் சாயும்; சாய்ந்த பயிரில் நெல் முளைக்கும். ஆண்டு முழுவதும் பட்ட பாடு ஒரு வாரத்தில் வீணாவதைக் கண்ணாரக் கண்டவர்களே இதைப் படிப்போரில் பெரும்பாலோர்.

இக்காரணம் பற்றியே அறுவடைக்கு இயந்திரம் காணும் முயற்சி உலகில் நெடுங்காலமாக நடைபெற்றது. எஞ்சின் வயலுக்கு வருமுன்னரே, குதிரைகள் இழுக்கும் இயந்திரங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோதுமையை அறுத்தன. நமது நாட்டில் வயல் வேலை செய்யும் பிராணி எருது; குதிரையன்று. ஆயினும் இன்று நமது வயல்களில் இறங்கும் அறுவடை இயந்திரத்தின் முக்கிய உறுப்புகள் பல அந்தக் குதிரை இயந்திரங்களில் உருப்பெற்றவையே. அவை எவ்வாறு ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன என்பதை அறிந்தால், இயந்திரம் வாங்கும்போதும், வாடகைக்கு அமர்த்தும்போதும், பழுது நேரும்போதும் நமக்குத் தெளிவு பிறக்கும்.

கை அறுவடையின் கணக்கு

கோதுமை முற்றியபின் உதிராமல் நிற்பது சுமார் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரையில்தான். அரிவாள் கொண்டு ஓர் ஆள் ஒரு நாளில் அறுக்கக்கூடியது ஏறக்குறைய அரை ஏக்கர். நீண்ட காம்பும், தாளைச் சேர்த்துத் தள்ளும் மரச்சட்டமும் பொருந்திய பெரிய அரிவாள் வந்தபின் வலுவுள்ள ஆள் இரண்டு ஏக்கர் வரை அறுத்தான். ஆகவே ஒரு குடும்பம் எவ்வளவு விதைக்கலாம் என்பதை நிலத்தின் பரப்பு முடிவு செய்யவில்லை. அந்த இரண்டு வாரத்தில் கிடைக்கும் ஆட்களின் எண்ணிக்கையே முடிவு செய்தது.

தொடக்க முயற்சிகள்

ரோமானியர் காலத்திலேயே, இன்றைய பிரான்ஸ் பகுதியான கால் நாட்டில் ஒருவகைக் கதிர்ப்பெட்டி வழங்கியது. இரு சக்கரம் பூண்ட பெட்டி. அதன் முன்விளிம்பில் சீப்புப் போன்ற பற்கள். பின்னால் பூட்டிய பிராணி அதைத் தள்ளிச் செல்ல, கதிர்கள் மட்டும் பற்களில் சிக்கி ஒடிந்து பெட்டியில் விழுந்தன. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் ஆசிரியர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். தாள் முழுவதும் வயலில் நின்றுவிடும் என்பது இதன் குறை.

1828ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் பெல் என்பவர் நல்லதோர் இயந்திரத்தைச் செய்து ஓட்டிக் காட்டினார். தோட்டத்தில் செடி வெட்டும் பெரிய கத்தரிக்கோலே அவருக்கு வழிகாட்டியது. பல கத்தரிக்கோல்களை வரிசையாகப் பொருத்தி, வெட்டிய தாளை ஒரு கித்தான் பக்கவாட்டில் கொண்டுசென்று தள்ளும்படி அமைத்தார். குதிரைகள் பின்னாலிருந்து தள்ளின. பின்னாளில் பாதிரியாரான அவர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை.

ஏழு உறுப்புகள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சைரஸ் மெக்கார்மிக் 1831ஆம் ஆண்டில் தமது இயந்திரத்தை வயலில் சோதித்து, 1834இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தந்தை ராபர்ட் பல ஆண்டுகள் முயன்று கைவிட்ட வேலை அது. அக்குடும்பத்தில் அடிமையாயிருந்த ஜோ ஆண்டர்சன் என்பவர் பட்டறையில் உடனிருந்து உழைத்தார்; நெடுங்காலம் அவர் பெயர் பேசப்படவில்லை. இவ்வியந்திரத்தில் ஏழு உறுப்புகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்தன. அவையாவன:

1. கத்தி. பக்கவாட்டில் முன்னும் பின்னும் விரைந்து ஓடுவது. விளிம்பில் நமது கருக்கரிவாளைப் போன்று பல் வெட்டியது.

2. விரல்கள். கத்திக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பவை. தாளை அசையாமல் பிடித்துக் கொடுப்பவை. இடக்கை அரியைப் பிடிக்க வலக்கை அறுப்பது போன்றதே இது.

3. சுழல்சட்டம். மரப்பட்டிகளால் ஆன உருளை. நிற்கும் பயிரைக் கத்தியின் பக்கம் வளைத்து, அறுபட்டதும் பின்னே சாய்ப்பது.

4. மேடை. அறுபட்ட தாளை ஏற்பது.

5. பெருஞ்சக்கரம். தரையில் உருண்டு, பற்சக்கரங்களின் வழியாகக் கத்திக்கு ஓட்டம் தருவது.

6. பக்க ஏர்க்கால். குதிரை முன்னே, அறுத்த நிலத்தில் நடக்க, கத்தி அதன் பக்கத்தில் பயிருக்குள் செல்லும் அமைப்பு. இதனால் பயிர் மிதிபடாது.

7. பிரிப்பான். அறுக்கும் பயிரையும் நிற்கும் பயிரையும் கூர்மூக்கினால் விலக்குவது.

இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்படா. விரல் இல்லையேல் கத்தி தாளை அறுக்காது, தள்ளிவிடும். சுழல்சட்டம் இல்லையேல் தாள் முன்னோக்கி விழும்.

இருவர் குறையும் இருவர் நிறையும்

ஓபெட் ஹஸ்ஸி என்பவர் 1833ஆம் ஆண்டின் இறுதியில், மெக்கார்மிக்குக்குச் சில மாதம் முன்பாகவே, தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவருடைய கத்தி சிறந்தது. முக்கோண வடிவான சிறு தகடுகளை ஒரு சட்டத்தில் வரிசையாகத் தறைந்து, பிளவுள்ள விரல்களின் ஊடே அதை ஓடச் செய்தார். தகடு ஒன்று ஒடிந்தால் அதை மட்டும் மாற்றினாற் போதும். ஈரத்தாளும் புல்லும் விரலிடுக்கில் அடைத்துக்கொள்வதைக் கண்டு, விரலின் மேற்புறத்தைத் திறந்துவிடும் திருத்தத்தை 1847இல் செய்தார். ஆனால் அவர் இயந்திரத்தில் சுழல்சட்டம் இல்லை. மெக்கார்மிக்கிடம் சுழல்சட்டம் இருந்தது. கத்தி அத்துணைச் சிறந்ததன்று.

1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் இரண்டும் வைக்கப்பட்டன. அங்கே மெக்கார்மிக் உயரிய பதக்கம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் வேறோர் இடத்தில் நடந்த போட்டியில் ஹஸ்ஸியின் இயந்திரம் வென்றது. முதற் காப்புரிமைகளின் காலம் 1840களின் இறுதியில் முடிந்தபின், பலரும் ஒருவர் கத்தியையும் மற்றவர் சுழல்சட்டத்தையும் சேர்த்து இயந்திரம் செய்தனர். குடியானவனுக்கு நல்ல கருவி கிடைத்தது அப்போதுதான்.

குனிந்தவர் நிமிர்ந்த வரலாறு

அறுக்கும் வேலை விரைவானதும் வேறோர் இடத்தில் வேலை தேங்கியது. மேடையில் குவியும் தாளை வார ஓர் ஆள் இயந்திரத்தின் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தது. பின்னே ஐந்தாறு பேர் தொடர்ந்து குனிந்து கட்டுக் கட்டினர். இயந்திரம் நாளொன்றுக்குப் பத்து ஏக்கர் அறுத்தாலும், கட்டுவோர் கை ஓயும் இடத்தில் அதுவும் நின்றது.

முதலில் வாருவோனுக்கு இயந்திரத்தின் மேல் ஓர் இருக்கை அமைத்தனர். பிறகு அவனே வேண்டாதபடி, மேடையைத் தானே துடைத்துத் தாளைக் கற்றை கற்றையாகத் தரையில் இறக்கும் சுழல் கைகளைப் பொருத்தினர். கட்டுவோர் பாடு அப்போதும் தீரவில்லை.

1858ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்தைச் சேர்ந்த மார்ஷ் சகோதரர் இருவர் இதற்கு வழி கண்டனர். கட்டுவோர் குனிந்து தாளைத் தேடுவானேன், தாளை அவர்கள் இடுப்பளவுக்கு உயர்த்தித் தந்தால் என்ன என்று எண்ணினர். ஓடும் கித்தான் தாளை மேலே ஏற்றிவர, இயந்திரத்தின் மீதே நின்று இருவர் மேசையில் கட்டினர். நடந்து குனிந்து நால்வர் ஐவர் செய்த வேலையை இருவர் நிமிர்ந்து நின்று செய்தனர். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆண்கள் சென்றுவிட்ட காலத்தில் அறுவடை இயந்திரங்களின் தேவை மிகுந்தது.

கம்பியும் நூலும்

எஞ்சியது கட்டும் வேலை. 1870களில் இரும்புக் கம்பியால் தானே கட்டும் இயந்திரம் கடைக்கு வந்தது. கம்பியை முறுக்கினாற் போதும், முடிச்சு வேண்டியதில்லை. ஆனால் களத்தில் வெட்டிய கம்பித்துண்டு வைக்கோலில் கலந்தது. அதைத் தின்ற கால்நடைகளுக்குத் தீங்கு நேருமென்று விவசாயிகள் அஞ்சினர். துண்டு தானியத்துடன் சென்றால் மாவு ஆலைக்கும் கேடு. வேலையை விரைவாக முடித்தும் அவ்வியந்திரம் குடியானவன் மனத்தில் நிற்கவில்லை. மாட்டின் வயிற்றையும் கணக்கில் சேர்த்தே அவன் இயந்திரத்தை எடைபோட்டான்.

விஸ்கான்சின் மாகாணத்தின் ஜான் ஆப்பிள்பி நார் நூலால் முடிச்சிடும் அமைப்பை நிறைவு செய்து 1878இல் காப்புரிமை பெற்றார். சேர்ந்த தாளின் அழுத்தம் போதிய அளவானதும் ஒரு விசை விடுபடும். வளைந்த ஊசி நூலைக் கட்டின் மேல் சுற்றிக் கொண்டுவரும். பறவையின் அலகைப் போன்ற சிறு உறுப்பு ஒரு முறை சுழன்று நூலில் கண்ணி போட்டு, வாய் திறந்து இரு முனைகளையும் கவ்வும். சிறு கத்தி நூலை அறுக்கும். கட்டு வெளியே தள்ளப்படுகையில் கண்ணி அலகிலிருந்து நழுவி, முடிச்சாக இறுகும். டீரிங் என்பவர் இதை 1880ஐ ஒட்டிப் பெருமளவில் விற்கத் தொடங்கியதும் மெக்கார்மிக் நிறுவனமும் கம்பியை விட்டு நூலுக்கு வந்தது.

குதிரையின் பாரம்

இத்தனை உறுப்புகளும் சேர்ந்தபின் இயந்திரம் கனத்தது; மூன்று, நான்கு குதிரைகள் தேவைப்பட்டன. கத்தி ஒரு பக்கம் நீண்டிருந்ததால் ஏர்க்கால் பக்கவாட்டில் இழுத்துக் குதிரைகளின் கழுத்தை வருத்தியது. ஏர்க்காலின் கீழ் இரு சிறு சக்கரம் கொண்ட முன்வண்டியைச் சேர்த்தபோது அப்பாரம் நீங்கியது. 1890களில் அச்சுகளில் குண்டு, உருளை பேரிங்குகள் இடம்பெற்று உராய்வு குறைந்தது.

தீராத குறை ஒன்று இருந்தது. கத்தியின் ஓட்டம் முழுவதும் பெருஞ்சக்கரம் உருள்வதைப் பொறுத்தது. ஈர நிலத்தில் சக்கரம் சறுக்கினால் கத்தி நின்றுவிடும், தாள் அடைத்துக்கொள்ளும். ஆதலால் பிற்காலத்தில், குதிரையே இழுக்க, கத்தியை மட்டும் சிறு பெட்ரோல் எஞ்சின் ஓட்டும்படி செய்தனர். அடுத்து டிராக்டர் வந்து இரு வேலையையும் ஏற்றது. சேற்று நிலத்துக்குச் செயின் வண்டியை நாம் இன்று தேடுவதும், சக்கரம் சறுக்கும் அந்தப் பழைய தொல்லையை முன்னிட்டே.

நமக்குரிய பாடம்

நெல் அறுக்கும் இன்றைய இயந்திரத்தின் முன்புறத்தைக் கவனியுங்கள். சுழல்சட்டமும், பிரிப்பானும், விரல்களும், ஹஸ்ஸியின் முக்கோணத் தகடுகளும் அங்கே இருக்கின்றன. வைக்கோலைச் சதுரக் கட்டாகக் கட்டும் இயந்திரத்தில் அலகு போன்ற முடிச்சு உறுப்பும் இருக்கிறது.

நமது தவறு ஒன்றையும் இங்கே மறைக்காமல் கூற வேண்டும். நமது வட்டாரத்தில் ஒரு விவசாயிகள் குழுவுக்கு அறுவடைக் கருவி வாங்கித் தந்து, ஓட்டுவதற்குப் பயிற்சியும் அளித்தோம். உதிரித் தகடுகளை வாங்கி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. அறுப்பின் நடுவே வரப்புக் கல்லில் பட்டு இரண்டு தகடுகளும் ஒரு விரலும் ஒடிந்தன. நகரத்திலிருந்து அவை வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. சாய்ந்த நெல்லைப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்தனர். எவ்வளவு பெரிய இயந்திரமும் உள்ளங்கையளவு தகட்டில் நிற்கிறது என்பதை அன்று கற்றோம்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்வது நலம்:

அ. இயந்திரத்துடன் கத்தித் தகடு, தறையாணி, விரல் ஆகியவற்றின் உதிரிகள் ஊரிலேயே இருக்கட்டும். அவற்றை மாற்றத் தெரிந்தவர் இருவராவது இருக்கட்டும். கத்தியில் கை வைக்குமுன் எஞ்சினை நிறுத்துவது கட்டாயமாகும்.

ஆ. அறுப்பது மட்டும் விரைந்தால் போதாது. நெல்லை ஏற்ற வண்டி, காயவைக்கக் களம், மூடத் தார்ப்பாய் ஆகியன உண்டா என்று முன்னரே பாருங்கள். ஓரிடத்தில் மிச்சமான நேரம் வேறோர் இடத்தில் தேங்கிப் பாழாகலாம்.

இ. வைக்கோலை மறவாதீர்கள். கம்பியை வேண்டாமென்ற விவசாயியைப் போல, மாட்டுக்கு எது மிஞ்சும் என்பதையும் கேட்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். வைக்கோல் கட்டிய நூல் பிளாஸ்டிக்காக இருந்தால் தீவனத்தில் கலவாமல் அகற்றுங்கள்.

ஈ. இயந்திரம் வந்தால் கை அறுப்பில் கூலி பெற்றவர்கள் நாள் இழப்பர். குனிந்து முதுகு ஒடிந்தவர் நிமிர்வது நல்லதே. ஆனால் நிமிர்ந்தவருக்கு வேறு வேலையும் வேண்டும். ஓட்டவும், பழுது பார்க்கவும், வைக்கோல் கட்டவும் அக்குடும்பங்களின் இளைஞருக்கும் பெண்களுக்கும் முதலிற் பயிற்சி அளிப்பது பஞ்சாயத்தின் கடமை.

உ. குறை கண்டால் குறித்து வையுங்கள். எங்கே தாள் அடைக்கிறது, எங்கே மணி சிந்துகிறது என்பதை வயலில் நிற்பவரே அறிவார். அதை அடுத்த வேளாண்மைக் கூட்டத்தில் எழுந்து கூறுங்கள்.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் குதிரை இயந்திரம் அடைந்த திருத்தங்கள் எவையும் ஒரே நாளில் வந்தவையல்ல. வயலில் யாரோ ஒருவர் ஒரு குறையைக் கண்டு, அதைப் பொறுத்துக்கொள்ள மறுத்தார். அதனால் ஒரு விரல் திறந்தது, ஒரு மேசை உயர்ந்தது, ஒரு முடிச்சு விழுந்தது. வரும் அறுவடைக்கு முன்பாகவே ஒரு நாள் ஒதுக்கி, ஊரிலுள்ள கருவியின் கத்திச் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். தேய்ந்த தகடுகளை எண்ணுங்கள். அன்று தொடங்கட்டும் நமது அறுவடை.