ரீகால் அறிவிப்பின் முதல் வரி யாருக்கு?

அமெரிக்க நீதித் துறையுடன் 2014 மார்ச்சில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது. வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தும்படி பேசியதற்கான தண்டம் அது. பாகத்தை மாற்ற எவ்வளவு ஆகும் என்று எல்லா நிறுவனங்களும் கணக்குப் போட்டுவிடும். தன் அறிக்கைக்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கார் நிறுவனத்திலோ உதிரிபாக நிறுவனத்திலோ செய்தித் தொடர்பைக் கவனிப்பவர் நீங்கள் என்றால், இந்த விவகாரத்தை நாள்வாரியாகப் படித்துவிடுங்கள்.

2009 ஆகஸ்டில் சான் டியேகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி, நான்கு பேர் இறந்தார்கள். காரின் தரை விரிப்பில் (மேட்) ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொண்டிருந்தது. காருக்குள்ளிருந்து அவசர உதவி எண்ணுக்குப் போன அழைப்பு தொலைக்காட்சிகளில் ஒலித்தது. செப்டம்பர் இறுதியில், மேட்டை எடுத்துவிடுங்கள் என்று சுமார் 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களுக்கு டொயோட்டா சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். நவம்பர் தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கையில், மேட் சரியாகப் பொருத்தப்பட்ட கார்களில் குறைபாடு ஏதும் இல்லையென அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பே உறுதிசெய்துவிட்டதாக எழுதியது. ஓரிரு நாளில் அந்த அமைப்பு, டொயோட்டா சொன்னது சரியல்ல, மக்களைத் திசைதிருப்பக்கூடியது என்று பகிரங்கமாக மறுத்தது. கண்காணிப்பாளரின் வாயில் உங்கள் வசனத்தை வைக்காதீர்கள். அவர்கள் உண்மையிலேயே நற்சான்று தந்திருந்தால், அவர்களே சொல்லட்டும்.

ஆனால் உங்கள் அலுவலகத்தில் அன்றாடம் நடக்கப்போகும் சண்டை வேறு. அது 2010 ஜனவரியில் டொயோட்டாவின் அமெரிக்கக் கிளைக்குள் நடந்தது. மிதித்த பெடல் மேலே வராமல் ஒட்டிக்கொள்கிறது என்று அதற்குள் தெரிந்திருந்தது. காரணமும் தீர்வும் இன்னும் பிடிபடவில்லை, அதனால் பெடலைப் பற்றிப் பேசக் கூடாது என்பது ஒரு அதிகாரியின் வாதம். மக்கள் தொடர்புத் துணைத் தலைவர் இர்வ் மில்லர் ஜனவரி 16 அன்று மின்னஞ்சலில் அவருக்குப் பதில் எழுதினார்: இதை மூடி வைப்பதால் வாடிக்கையாளரைக் காப்பாற்றவில்லை, ஒளிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்பது அதன் சாரம். ஐந்து நாள் கழித்து 23 லட்சம் கார்களுக்கு ரீகால் வந்தது. அந்த மின்னஞ்சலும் பின்னால் வெளியே வந்தது. எல்லா மின்னஞ்சலும் ஒருநாள் வெளியே வரும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

காரணம் தெரியாமல் பேசக் கூடாது என்ற வாதம் பொறியாளர் வாயில் நேர்மையாகத்தான் ஒலிக்கும். நாளைக் காலை அதே காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவருக்கு அதனால் பயன் இல்லை. காரணம் தெரியாவிட்டாலும் அவருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. பெடல் ஒட்டிக்கொண்டால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஓரமாக நின்றதும் இன்ஜினை அணையுங்கள். விட்டு விட்டு மிதித்தால் என்ன? ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது பிரேக்குக்குத் துணை தரும் வெற்றிடம் இன்ஜினில் சரியாக உருவாகாது. சேமிப்பில் இருப்பதும் ஒவ்வொரு மிதியிலும் குறைந்து, கடைசியில் பெடல் கல்லாக இறுகிவிடும். இப்படி நாலு வரி எழுத பழுதின் மூலகாரணம் தெரிய வேண்டியதில்லை. என் கணக்கில் அறிவிப்பின் முதல் பத்தி இதுதான். ‘பாதுகாப்பே எங்கள் முதல் கடமை’ என்பதை எங்கே போடுவது என்று கேட்பீர்கள். போடவே வேண்டாம்.

வரைவு சட்டப்பிரிவுக்குப் போய்த் திரும்பும்போது சொற்கள் மெலிந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பாடமாகவே நடத்தியது. ஊழியர் ஆவணங்களில் தவிர்க்க வேண்டியவை என 69 சொற்களைப் பட்டியலிட்ட அதன் 2008ஆம் ஆண்டுப் பயிற்சிக் குறிப்பு, அதன் இக்னிஷன் சுவிட்ச் பழுது விவகாரத்தில் 2014 மே மாதம் வெளியானது. ‘குறைபாடு’ என்பதற்குப் பதில் ‘வடிவமைத்தபடி இயங்கவில்லை’ என்று எழுத வேண்டுமாம். நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு நல்ல தீனி. வக்கீலிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: யார் பொறுப்பு என்ற வரிகளில் அவர் கை வைக்கலாம், ஓட்டுநருக்கான வரிகளில் கூடாது.

முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். ரீகால் முடிவுகள் ஜப்பானில்தான் எடுக்கப்பட்டன என்று டொயோட்டாவின் அமெரிக்க விற்பனைத் தலைவர் ஜிம் லென்ட்ஸ் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். தலைவர் அகியோ டொயோடாவோ 2010 ஜனவரி 29 அன்று டாவோஸில் தொலைக்காட்சிக்குச் சில சொற்கள் சொன்னதோடு சரி. முறையான செய்தியாளர் கூட்டம் பிப்ரவரி 5 வெள்ளி இரவு, நகோயாவில். அமெரிக்க விசாரணைக்கு வரப்போவதில்லை என்று முதலில் சொல்லி, அழைப்பு வந்தபின் பிப்ரவரி 24 அன்று போனார். வளர்ச்சியின் வேகம் கைமீறி, எதற்கு முதலிடம் என்ற வரிசை குழம்பிவிட்டது என்று அங்கே சொன்னார். நல்ல வாக்குமூலம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அதன் மதிப்பே வேறு.

கார்கள் தானாக வேகமெடுத்ததற்கு எலக்ட்ரானிக் கோளாறே காரணம் என்ற குற்றச்சாட்டில் டொயோட்டா பக்கமே நியாயம் இருந்தது. நாசா பொறியாளர்கள் தேடியும் அப்படியொரு காரணம் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு விஷயத்தில் நீங்கள் சரியாக இருக்கலாம். அதைப் போர்வையாக்கி மற்றதை மறைத்தால் அந்தச் சரியும் சேர்ந்து அடிபடும். முந்தைய மேட் ரீகால் ஒன்றின் வரம்பைச் சுருக்கி 10 கோடி டாலர் மிச்சம் பிடித்ததை 2009 ஜூலையில் உள் ஆவணம் ஒன்றில் வெற்றி என்று எழுதியிருந்தவர்களால் நாசா முடிவை வைத்து மட்டும் நல்ல பெயர் வாங்க முடியவில்லை.

டீலர்களைக் கடைசியில் நினைக்காதீர்கள். உரிமையாளர் தலைமையகத்துக்குப் போன் செய்யமாட்டார். கார் வாங்கிய கடைக்குத்தான் செய்வார். செய்தியாளர்களுக்கு அறிக்கை போகும் முன் டீலரின் வரவேற்பு மேசைக்கு ஒரு பக்கக் குறிப்பு போக வேண்டும்: எந்த மாடல், எந்த ஆண்டு, ஓட்டலாமா, உதிரிபாகம் எப்போது வரும், அதுவரை மாற்றுக் கார் உண்டா. பதில் தெரியாத கேள்விக்கு எதிரில், எப்போது தெரியும் என்ற தேதியைப் போடுங்கள். அந்தத் தேதி தள்ளிப்போனால், அது வருவதற்கு முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.