கடலோரத்தில் குழந்தைகளுடன் ஒரு நாள்: பணம், நேரம், காவல்

திருச்சானூர்க் குடும்பங்களுக்கு நீர்நிலையும் நீராடலும் புதியவை அல்ல. கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று பத்மசரோவரத்தில் நீராடப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். அன்று குழந்தையின் கையை விடாமல் பற்றிச் செல்லவும், கூட்டத்தில் பிரிந்தால் எங்கே காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கவும் பெரியவர்கள் அறிவர். ஆயினும் குளம் வேறு, கடல் வேறு. குளத்தின் படி நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். கடலின் தரையோ காலடியிலேயே மாறிக்கொண்டிருக்கும்.

அண்மைக் காலமாகக் கடலோர விடுதிகளும், ‘பீச் கிளப்’ எனப்படும் கடற்கரை மனமகிழ் மன்றங்களும் ஒரு நாள் கட்டணத்தில் குடும்பங்களை அனுமதிக்கின்றன. நிழல், உணவு, நீச்சல் குளம், குளியலறை ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் கிடைப்பதால் குழந்தைகளுடன் செல்வோர் இவற்றை விரும்புகின்றனர். இத்தகைய நாளைத் திட்டமிடும்போது நாம் பணத்தைக் கணக்கிடுகிறோம். நேரத்தையும் ஓரளவு கணக்கிடுகிறோம். எந்த நேரத்தில் யார் குழந்தைகளைக் கண்காணிப்பது என்னும் மூன்றாவது கணக்கைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. இம்மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது சூளூர்ப்பேட்டை, வாகாடு பகுதிகளின் கடலோரமும் அதனுள் அடங்கியது. எனினும் அருகில் இருப்பது என்பது மட்டுமே தேர்வுக்குக் காரணமாகிவிடக் கூடாது. குழந்தைகளுடன் செல்வோர் முதலில் கேட்க வேண்டியது, அங்கே உயிர்காப்பாளர் பணியில் இருக்கிறாரா என்பதையே.

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கடற்கரைப் பகுதி 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. 1985இல் பிரான்சில் தொடங்கிய இந்தத் திட்டம் நீரின் தரம், சுற்றுச்சூழல் மேலாண்மை, சுற்றுச்சூழல் கல்வி, பாதுகாப்பும் வசதிகளும் ஆகிய நான்கு தலைப்புகளில் 33 அளவுகோல்களைக் கொண்டு கடற்கரைகளை மதிப்பிடுகிறது. சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. ஆகவே செல்லும் ஆண்டில் கொடி பறக்கிறதா என்பதை விசாரித்துக்கொள்வது நன்று. கோவளத்தைச் சுற்றிக் கட்டண விடுதிகளும் உள்ளன. கட்டணமின்றிக் கடற்கரைக்கு மட்டும் செல்வதா, விடுதியில் பகல்பொழுதைக் கழிப்பதா என்பதை அவரவர் பணக்கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.

2. நேரக்கணக்கு

திருச்சானூரிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர் வழியாக வந்து, நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடையலாம். தொலைவு ஏறத்தாழ 160 முதல் 180 கிலோமீட்டர். குழந்தைகளுக்காக நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வழிக்கு 4 மணி நேரம் என்று கொள்வது நடைமுறைக்கு ஒத்தது.

காலை 4 மணிக்குப் புறப்பட்டால் 8 மணிக்குச் சேரலாம். 8 முதல் 10 வரை கடல்; வெயில் கடுமையாக இருக்கும் 10 முதல் 3.30 வரை நிழல், உணவு, உறக்கம், 3.30 முதல் 5 வரை மீண்டும் கடல். 5 மணிக்குப் புறப்பட்டால் இரவு 9 மணிக்கு வீடு. ஆக 17 மணி நேரத்தில் கடலில் இருப்பது மூன்றரை மணி நேரமே. ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் சிறிது நேரம்’ என்னும் எண்ணம் எழுவது இதனால்தான். மாலையில் குழந்தைகளும் களைத்திருப்பர்; பார்த்துக்கொள்பவரும் களைத்திருப்பார். ஆதலால் கரையேறும் நேரத்தைப் புறப்படும் முன்பே உறுதி செய்து, அனைவருக்கும் அறிவித்துவிட வேண்டும்.

வாகனத்தைக் குடும்பத்தினர் ஒருவரே ஓட்டுவதானால் நண்பகலில் அவர் உறங்கியாக வேண்டும். மாலைக் காவல் அவருக்கு உரியதன்று. இயலுமாயின் ஓர் இரவு தங்கி மறுநாள் திரும்புவது மேலானது.

மாதத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம்; வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் பருவமும் இதுவே. அம்மாதங்களைத் தவிர்ப்பது நலம். பிற மாதங்களிலும் முந்தைய நாள் வானிலை அறிவிப்பையும், ஐதராபாத்தில் இயங்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையையும் பார்த்த பின்பே புறப்பட வேண்டும்.

3. பணக்கணக்கு

நான்கு பெரியவர், இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். பின்வரும் தொகைகள் கணக்குப் பழகுவதற்கானவை. உண்மைக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

வாகனமும் சுங்கமும்: ₹6,500
நுழைவுக் கட்டணம் (பெரியவர் ₹1,000, குழந்தை ₹500): ₹5,000
உணவு: ₹3,000
தொப்பி, நீச்சலுடை, உயிர்காப்பு அங்கி: ₹2,000
எதிர்பாராச் செலவு (10 விழுக்காடு): ₹1,650
மொத்தம்: ₹18,150

இத்தொகையைக் கடன் அட்டையில் தவணையாக்கினால், ஒரு நாள் மகிழ்ச்சிக்குப் பல மாதங்கள் வட்டி செலுத்த நேரிடும். அதற்கு மாறாகத் தொடர் வைப்புக் கணக்கில் மாதம் ₹1,800 வீதம் 10 மாதங்கள் செலுத்தினால் அசலே ₹18,000 ஆகிவிடும். எஞ்சிய ₹150ஐ வட்டியே ஈடுசெய்யும். குழந்தைகளின் உண்டியல் பணத்தையும் அதில் சேர்த்தால், சேமிப்பு என்பது விரும்பியதை நோக்கி நடப்பது என்று அவர்களும் உணர்வர்.

கையில் உள்ள தொகை போதாவிடில் எதைக் குறைப்பது? நுழைவுக் கட்டணத்தைத் தவிர்த்துப் பொதுக் கடற்கரைக்குச் செல்லலாம். உணவை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லலாம். புளியோதரையும் தயிர்சாதமும் வெயிலுக்கும் ஏற்றவை. உடன் வரும் ஒரு பெரியவரைக் குறைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். அத்தையோ சித்தப்பாவோ உடன் வருவதால் கூடுதலாகும் ஆயிரம் ரூபாய், மாறி மாறிக் காவலிருக்க இன்னும் ஓர் இணை கண்களைத் தருகிறது. இப்பட்டியலில் அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

4. கட்டணம் செலுத்தும் முன்

விடுதியிடமோ மன்றத்திடமோ பின்வருவனவற்றைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நன்று: கட்டணத்தில் உணவு அடங்குமா? வரி தனியா? எத்தனை வயது வரை குழந்தைக் கட்டணம்? வெளியுணவுக்கு அனுமதி உண்டா? மழையாலோ புயல் எச்சரிக்கையாலோ வர இயலாவிட்டால் பணம் திரும்புமா? உயிர்காப்பாளர் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இருப்பார்? அவர் நீச்சல் குளத்துக்கு மட்டுமா, கடலுக்குமா?

இறுதி வினாவே முதன்மையானது. நாம் செலுத்தும் கட்டணம் நிழலையும் நாற்காலியையும் தரும்; குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மிடமே இருக்கும்.

விடுமுறைக் காலத்தில் போலி முன்பதிவுத் தளங்களும் தோன்றுகின்றன. மிகக் குறைந்த கட்டணம், ‘உடனே செலுத்துங்கள்’ என்னும் அவசரம், தனிநபர் பெயரிலான கணக்கு ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி எவரேனும் யுபிஐ இரகசிய எண்ணை இடச் சொன்னால் அது மோசடியே; பணம் பெறுவதற்கு அவ்வெண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக அறிந்தவுடன் வங்கிக்கும், 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதம் குறையக் குறையப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு கூடும்.

5. காவல் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் மூச்சுக்குப் போராடும் குழந்தையால் குரல் எழுப்ப இயலாது. பேச்சும் சிரிப்புமாகப் பத்துப் பெரியவர் அருகில் இருந்தும் அறியாமற்போவது இதனால்தான். எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் எவரும் பார்க்கவில்லை என்றே பொருள் கொள்ள வேண்டும்.

ஆகவே அரை மணிக்கு ஒருவர் எனப் பெயர் எழுதிக் காவலைப் பகிர்ந்துகொள்வோம். காவலில் இருப்பவர் கைப்பேசியை மற்றொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். படம் எடுப்பதும் உணவு பரிமாறுவதும் அவர் வேலையன்று. முறை மாறும்போது, ‘இனி உங்கள் பொறுப்பு’ என்று வாயால் சொல்லி, அடுத்தவர் ‘சரி’ என்று விடையளித்த பிறகே எழ வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். முழங்கால் அளவு நீரும், விடுதியின் குழந்தைகள் குளமும் இதற்கு விலக்கல்ல. காற்றடைத்த மிதவை விளையாட்டுப் பொருளே. அது உயிர்காப்பு அங்கிக்கு ஈடாகாது.

கடற்கரைக் கொடிகளின் பொருளைக் குழந்தைகளுக்கும் கற்பிக்கலாம். மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி உயிர்காப்பாளரின் கண்காணிப்பில் உள்ளது. குளிப்பது அதற்குள் மட்டுமே. மஞ்சள் கொடி எச்சரிக்கை. சிவப்புக் கொடி பேராபத்து. இரண்டு சிவப்புக் கொடிகள் பறந்தால் நீரில் இறங்கத் தடை. கொடி எதுவும் இல்லை என்பதற்கு ஆபத்து இல்லை என்று பொருளன்று.

அனைவரும் அறிய வேண்டிய மற்றொன்று இழுநீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர், குறுகிய வழியொன்றில் வேகமாகக் கடலுக்குத் திரும்புவதே அது. அவ்விடத்தில் அலை உடைவதில்லை. நீர் சற்றுக் கருமையாக, அமைதியாகத் தோன்றும். அறியாத கண்ணுக்கு அதுவே குழந்தையை இறக்க ஏற்ற இடமாகப் படும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டுக் களைக்கக் கூடாது. மிதந்தவாறு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இயன்றால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்திலிருந்து விலகலாம். கரையில் இருப்பவர் நீரில் பாயாமல் உயிர்காப்பாளரை அழைத்து, கயிற்றையோ மூடிய வெற்றுத் தண்ணீர்க் கேனையோ எறிய வேண்டும். காப்பாற்றச் சென்றவரும் மூழ்கிய துயரங்கள் பல. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108.

பயிற்சி

ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைக. முதற்கட்டத்தில் காலை 8 முதல் மாலை 5 வரை அரை மணி நேரமாகப் பிரித்து எழுதுக. இரண்டாவதில் அந்நேரச் செலவை எழுதுக. மூன்றாவதில் காவலிருப்பவரின் பெயரை எழுதுக. உறங்குபவர், வாகனம் ஓட்டப்போகிறவர், உடல்நலம் குன்றியவர் பெயர்களை உரிய இடங்களில் நீக்குக. மூன்றாவது கட்டத்தில் எங்கேனும் பெயர் இல்லாவிட்டால் அந்த அரை மணி நேரம் குழந்தைகள் கரையில் மணல்வீடு கட்டட்டும். காலியிடங்கள் பலவானால், பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து, இன்னும் ஓர் உறவினரை அழைத்துச் செல்க.